உமது ஜீப்பை வந்து எடுத்துச் செல்லவும்

சிவமயம்

கரம்பொன்,
மார்கழி 9

அன்புள்ள மச்சான் இராசநாயகத்துக்கு,

உமது அக்கா சறோஜினிதேவியும் நானும் உயிரோடு இருக்கிறோம். நீரும் பவதாரணியும் பிள்ளைகளும் தொறொன்ரோக் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். வட்சப் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர். வட்சப்பில் நான் எதை எழுதினாலும் நீர் ஒரு பெருவிரலைத்தான் திருப்பி அனுப்புகிறீர். வாசல் வளைவு உடைந்தது என்று எழுதினேன், பெருவிரல் வந்தது. ஜீப் கடற்கரையில் தாழ்ந்தது என்று எழுதினேன், இரண்டு பெருவிரல் வந்தன. ஆகவே முப்பத்தொரு வருடம் கிராம சேவையாளராக இருந்து ஊராரின் முறைப்பாடுகளை வாங்கிக் கோப்பில் போட்ட நான், வாழ்நாளில் முதன்முறையாக ஒரு முறைப்பாட்டை நானே எழுதுகிறேன்.

ஆவணி மாதம், நீர் கண்ணால் பாராமல் கொழும்பில் ஆள் வைத்து வாங்கிய அந்தப் பழைய சொகுசு ஜீப், ஒரு லொறியின் முதுகில் ஏறி எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. காடும் மலையும் கடக்கப்போகிற வாகனம் பண்ணைப் பாலத்தைக் கடப்பதற்கே இன்னொரு வாகனத்தின் மேல் ஏறி வருகிறதே என்று அப்போதே எனக்கு மனம் ஒரு மாதிரி இருந்தது. உள்ளே பால் நிறத்தில் தோல் இருக்கைகள். உமது அக்கா செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் ஏறினாள். முந்திய சொந்தக்காரர் அதைக் கரடுமுரடான இடத்தில் ஏற்றினார் என்றால் அது கல்யாண மண்டபத்துக்கு முன்னாலுள்ள நடைபாதையாகத்தான் இருக்கும். யப்பானிலிருந்து இறக்கிய வாகனமாம். அதனால் பொத்தானை அமத்தியதும் உள்ளிருந்து ஒரு பெண்பிள்ளை யப்பான் மொழியில் மிக மரியாதையாக ஏதோ சொல்கிறாள். அவள் என்ன சொல்கிறாள் என்று இன்றுவரை இந்தத் தீவில் ஒருவருக்கும் தெரியாது. நான் மரியாதைக்கு “ஓம் பிள்ளை” என்று சொல்லி வைக்கிறேன்.

அன்றைக்கு நீர் தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நான் சொல்லவில்லை என்று சொல்லப்படாது.

“அத்தான், வாற ஆடிக்குப் பிள்ளையளோடை வாறம். ஹோட்டல், ஏசி ஒண்டும் வேண்டாம். ஜீப்பிலையே தீவுகளைச் சுத்தி, ஜீப்புக்கு மேலை கூடாரத்திலை படுத்து, ரோட்டில்லாத வழியளிலை ஓடவேணும். அவுஸ்திரேலியாப் பாலைவனத்திலை சனம் அப்பிடித்தான் ஓடுது, எங்கடை அனோஜன் வீடியோ காட்டினவன்.”

“ரோட்டில்லாத வழிக்கு நான் எங்கை போறது?”

“நீங்கள் கிராம சேவையாளரா இருந்தனீங்கள், உங்களுக்குத் தெரியாத ஒழுங்கையோ? குழியும் சேறுமா ஒரு பத்து வழி பாத்து வையுங்கோ.”

மச்சான், ஒரு சொல் கேளும். நான் சேவையில் இருந்த காலம் முழுவதும் குழிகளை மூடித் தாருங்கள் என்று மேலிடத்துக்கு மனு எழுதியே கை தேய்ந்தவன். மழைக்காலத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தவன். கடைசியில் நான் ஓய்வு பெற்ற பிறகுதான் தாரைக் கண்டோம். பெரிய வீதி இப்போது பாய் விரித்த மாதிரிக் கிடக்கிறது. சனம் அதில் ஓடிச் சந்தோஷப்படுகிற நேரத்தில், கனடாவிலிருந்து ஒருவர் குழி தேடித் தரச் சொல்கிறார். நாங்கள் வேறு வழியில்லாமல் அனுபவித்ததை நீங்கள் விடுமுறைக்கு வந்து அனுபவிக்க ஆசைப்படுகிறீர்கள். நல்லது. ஆசைப்படுவதைக் குறை சொல்ல முடியாது. அதை மேற்பார்வை செய்ய என்னை நியமித்ததைத்தான் குறை சொல்கிறேன்.

நீர் அனுப்பிய மரப்பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிற றஜீவனைப் பிடித்தேன். நல்ல பொடியன், எதையும் கழற்றுவான், பாதியையாவது திரும்பப் பூட்டுவான். வண்டியைத் தாங்குகிற பழைய காற்றுப்பைகளை எடுத்துவிட்டு உயரமான கம்பிச்சுருள்களைப் போட்டான். உழவு இயந்திரத்துக்குப் போடுகிற அளவில் சில்லுகள் வந்தன. முன்னுக்கு, புதைந்தால் கம்பி கட்டி இழுக்கிற வின்ச். பின்னுக்குத் தண்ணீர்த் தாங்கியும் குழாயும். கூரையில் சூரியத் தகடு, அதற்குப் பின்னால் கூடாரம். கடைசிப் பெட்டியில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு கறுப்புக் குழாய் இருந்தது. வாகனம் தண்ணீருக்குள் தாழ்ந்தாலும் எஞ்சின் இதனால் மூச்சு விடும் என்று விளக்கத்தாளில் படம் போட்டிருந்தார்கள். றஜீவன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஐயா, வாகனம் மூச்சு விடும். உள்ளுக்கை இருக்கிறவை?”

இந்தக் கேள்விக்கு விளக்கத்தாளில் படம் இல்லை.

எல்லாம் பூட்டி முடிந்தது. வாகனம் எங்கள் வளவுக்குள் ஒரு மாடி வீடு மாதிரி நின்றது. அப்போதுதான் ஒரு சின்ன விஷயம் தெரியவந்தது. வரும்போது வாசல் வளைவுக்குக் கீழால் வந்த ஜீப், இப்போது அதைவிட உயரம். இத்தனை வேலையையும் உள்ளே வைத்துச் செய்தோமே, வெளியே போகவேண்டும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. “சில்லிலை காத்தைக் கொஞ்சம் குறைச்சால் மட்டுமட்டாப் போகும்” என்று றஜீவன் சொன்னான். மெதுவாகத்தான் எடுத்தான். கூடாரத்தின் இடது மூலை வளைவில் தட்டியது. உமது அப்பா ஆசையாகச் சீமெந்தில் எழுத்து வார்த்து வைத்த ‘பொன்னுத்துரை இல்லம்’ என்ற பெயரில் கடைசி ‘ம்’ மட்டும் கழன்று விழுந்தது. மீதி ‘பொன்னுத்துரை இல்ல’ என்று வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றது. மீற்றர் வாசிக்க வந்த புதுப் பிள்ளை அதை வாசித்துவிட்டு, “எப்ப வருவார்?” என்று கேட்டது. அவர் போய்ப் பதினான்கு வருடம் என்று சொல்ல உமது அக்காவுக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று நான் கவனிக்கவில்லை. பிறகு ஒரு தூணோடு வளைவையே அகற்றினோம். ஊர் மாடுகள் இப்போது தம் விருப்பப்படி வந்து போகின்றன.

பரீட்சை ஓட்டத்துக்கு மண்கும்பான் கடற்கரையைத் தெரிவு செய்தேன். மணல் இருக்கிறது, பார்க்க ஆள் குறைவு. றஜீவன் ஓட்ட, நான் பக்கத்தில், உமது அக்கா பின்னால் புட்டும் மாம்பழமும் கட்டிக்கொண்டு. மணலில் இறங்கி ஐம்பது முழம் போகவில்லை, நான்கு சில்லும் கிணறு தோண்டத் தொடங்கின. யப்பான் பிள்ளை இடைவிடாமல் பேசினாள். புதைந்தால் சில்லுக்குக் கீழே வைக்க நீர் அனுப்பிய செம்மஞ்சள் பலகைகள் எங்கே என்று கேட்டேன். உமது அக்கா அமைதியாகச் சொன்னாள்: “அதிலை பனங்கிழங்கைக் கிழிச்சு ஒடியலுக்குக் காய விட்டிருக்கிறன்.” சரி, வின்ச் இருக்கிறதே என்று கம்பியைக் கொண்டுபோய் ஒரு பனையில் கட்டினோம். றஜீவன் பொத்தானை அமத்தினான். கம்பி இறுகியது. பனை அசையவில்லை. ஜீப்பும் அசையவில்லை. டமாரென்று ஒரு சத்தம், ஜீப்பின் முன் பம்பர் மட்டும் தனியாகக் கழன்று பனையிடம் போய்ச் சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஒழுங்கையிலிருக்கும் நேசம்மா தன் லாண்ட்மாஸ்டரில் வந்தாள். சாட்டிக் கிணறுகளில் நல்ல தண்ணீரைப் பரல்களில் நிரப்பி, பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து விற்பவள். அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கு வயது நாற்பது இருக்கும். இறங்கி வந்து ஜீப்பைச் சுற்றிப் பார்த்தாள்.

“குலசிங்கம் அண்ணை, ஆர் இதுக்கு இவ்வளவு காத்தடிச்சது? மணலுக்கை இப்பிடிக் கல்லு மாதிரி வைச்சால் தாழாமல் என்ன செய்யும்? முதல்லை எல்லாரும் இறங்குங்கோ. அரைவாசிக் காத்தைத் திறந்து விடுங்கோ.”

காற்றைத் திறந்தாள், பனைகளின் கீழ் காய்ந்து கிடந்த காவோலை பொறுக்கிச் சில்லுகளுக்குக் கீழே செருகினாள், கயிறு போட்டு இழுத்தாள். ஜீப் வந்தது. கண்டம் கடக்கிற சாமான்கள் மூன்று பெட்டியில் வந்திறங்கிய வாகனத்தை, ஒரு காவோலைக் கட்டு காப்பாற்றியது. உமது அக்கா புட்டை நேசம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

இதுவரைக்கும் நடந்தது வெட்கக்கேடு மட்டும்தான். கார்த்திகையில் நடந்ததைத்தான் நீர் வாசிக்கவேண்டும். நான்கு நாள் விடாத மழை. எங்கள் ஒழுங்கையில் முழங்காலுக்கு மேலே வெள்ளம். காலை பத்து மணி இருக்கும், நேசம்மா நனைந்து ஊறி ஓடி வந்தாள். நிறைமாதமாயிருந்த அவளுடைய மகள் நிலுஜாவுக்கு வயிற்றுக் குத்துத் தொடங்கிவிட்டது. அம்புலன்ஸ் பெரிய வீதியில் நிற்கிறது, ஒழுங்கைக்குள் அது இறங்க வழியில்லை.

“லாண்ட்மாஸ்டர் பெட்டியிலை பிள்ளையைப் படுக்க வைக்க ஏலாது அண்ணை, குலுக்கும். உங்கடை ஜீப் தண்ணிக்குள்ளாலை போகுமெண்டு றஜீவன் சொன்னவன். போகுமோ?”

மச்சான், அந்தக் கேள்வியை அவள் கேட்ட விதத்தை நீர் பார்த்திருக்கவேண்டும். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இத்தனை மாத அவமானத்துக்கும் இன்றைக்கு ஒரு பதில் இருக்கிறது என்று நினைத்தேன். “போகும்” என்றேன். றஜீவனைக் கூப்பிட்டு வாகனத்தை எடுத்தோம். பால் நிறத் தோலில் நிலுஜாவைப் படுக்க வைத்தோம், உமது அக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள், நேசம்மா கால்மாட்டில் ஏறிக்கொண்டாள். வெள்ளத்தில் இறங்கினோம். இரண்டு பக்கமும் தண்ணீர் பிரிந்து வேலிகளில் மோதியது. சனம் மதில்களில் ஏறி நின்று பார்த்தது. அரைவாசித் தூரம் ராசா மாதிரிப் போனோம். அதன் பிறகு யப்பான் பிள்ளை ஏதோ ஒரு வசனத்தை மூன்று தரம் சொன்னாள். சிவப்பு வெளிச்சங்கள் எல்லாம் எரிந்தன. எஞ்சின் நின்றுவிட்டது. எந்தப் பொத்தானை அமத்தியும் அசையவில்லை. தும்பிக்கைக் குழாய் வானத்தைப் பார்த்து நின்றது. நிலுஜா அலறினாள். எனக்கு ஜீப்பின் மீது அல்ல, என் மீதே ஆத்திரம் வந்தது. ‘போகும்’ என்று சொன்னது நான்தானே.

நேசம்மா கதவைத் திறந்து வெள்ளத்தில் குதித்து வீட்டுக்குப் போனாள். சிறிது நேரத்தில் மழைக்குள்ளால் அந்தப் பழக்கமான டக் டக் சத்தம் கேட்டது. லாண்ட்மாஸ்டரைக் கொண்டுவந்து, பம்பர் இருந்த இடத்தில் கயிற்றைக் கட்டி, உமது ஜீப்பை அப்படியே இழுத்துக்கொண்டு பெரிய வீதிக்குப் போனாள். நிலுஜா அம்புலன்ஸில் ஏறினாள். ஆஸ்பத்திரியில் பகல் ஒரு மணிக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

மறுநாள் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். நேசம்மா சிரித்தாள். “ஏன் அண்ணை கவலைப்படுறியள்? பிள்ளை ஒரு துளி நனையேல்லை, குலுங்கவும் இல்லை. உங்கடை ஜீப் நல்ல பெட்டி. இழுக்கவும் லேசு.”

இதற்கு மேல் எனக்கு எழுத ஒன்றும் இல்லை. இந்த வயதில் என்னால் ஏலாது. கனவு உம்முடையது, காவல் என்னுடையது என்ற இந்த ஏற்பாட்டிலிருந்து நான் விலகுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஒருவர் வாகனத்தை வாங்கக் கேட்கிறார், நாளை பார்க்க வருகிறார். ஓம் என்று ஒரு சொல் அனுப்பும், கொடுத்துவிடுகிறேன். அல்லது நீரே வந்து எடுத்துச் செல்லும். இரண்டும் இல்லையென்றால் மாடுகளுக்குக் கொட்டிலாகப் பாவிக்க எனக்கு அனுமதி தாரும்.

பவதாரணிக்கும் அனோஜன், கம்சிகாவுக்கும் எங்கள் அன்பு. படிப்பும் உடம்பும் குறைவில்லாமல் வளரட்டும், வாகன ஆசை மட்டும் அளவோடு வளரட்டும் என்று வயிரவரை வேண்டிக்கொள்கிறேன்.

பொறுமை தீர்ந்த உமது அத்தான்,
செ. குலசிங்கம்
ஓய்வுபெற்ற கிராம சேவையாளர்

பி.கு.: தம்பி, இது அக்கா எழுதுறன். தபாலிலை போடுறன் எண்டு கொண்டுபோன இந்தக் கடிதத்தை இவர் மூண்டு கிழமையா ஜீப்பின்ரை முன் லாச்சிக்குள்ளை ஒளிச்சு வைச்சிருந்தவர். இண்டைக்குத்தான் கண்டெடுத்தனான். நீ றஜீவனை ஏசிப் போடாதை. வளைவிலை இடிச்சதும், மண்கும்பானிலை தாட்டதும், வெள்ளத்துக்கை விட்டதும் இவர்தான். அந்தப் பொடியன் பக்கத்திலை இருந்து “ஐயா பிறேக், ஐயா பிறேக்” எண்டு சொன்னது மட்டுந்தான். நிலுஜா பாவம், பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தவள். அலறினது ஆரெண்டு ஒழுங்கைச் சனம் முழுக்கச் சொல்லும். மூச்சுக் குழாயும் வின்ச்சும் நீ வேண்டாமெண்டு சொல்லச் சொல்ல, கட்டாயம் வேணுமெண்டு உனக்கு எழுதினதும் இவரெண்டு எனக்கு இப்பதான் தெரியும்.

வாங்க வந்த மனிசனுக்கு, சீற்றுக்குள்ளை எலி குட்டி போட்டிருக்கு எண்டு பொய் சொல்லித் திருப்பி அனுப்பிப் போட்டார். இப்ப ஒவ்வொரு நாளும் பின்னேரம் நேசம்மாவிட்டை மணலிலை ஓடப் பழகிறார். நானும் பழகிறன். எனக்குத்தான் நல்லா வருதாம், நேசம்மா சொன்னவள்.

சித்திரை கழிய நாங்கள் ரெண்டு பேரும் வெளிக்கிடுறம். மன்னார், புத்தளம், பிறகு கரையாலை பொத்துவில் வரைக்கும். கலியாணம் முடிச்ச முப்பத்தெட்டு வருசத்திலை இந்த மனிசன் என்னைக் கூட்டிக்கொண்டு போன ஆகத் தூரம் நயினாதீவு. அதனாலை எப்ப திரும்புவம் எண்டு கேளாதை. ஆடிக்கு நீங்கள் வாங்கோ, வீடு உங்கடை வீடுதானே. யாழ்ப்பாணத்திலையிருந்து ஊர்காவற்றுறை பஸ் வரும். வீட்டுப் பூட்டுத் திறப்பு நேசம்மாவிட்டை இருக்கும். கோழியளுக்குத் தவிடு குசினி வாளியிலை, ஆறு மணிக்கு முதல் அடைச்சுப் போடு.