பெர்த்தா ஒட்டிய டேப்பும் நாலாவது கையெழுத்தும்

லட்லோ,
மார்ச் 9

மதிப்பிற்குரிய மியூரியல் மதினிக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய எட்மண்ட் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் பூனையும் நலம். அங்கே வொர்திங் கடற்காற்றில் உங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஒன்பது நாளாக உங்கள் வீட்டிலிருக்கும் என் மனைவி பெர்த்தாவைத் திருப்பி அனுப்பக் கேட்டே எழுதுகிறேன்.

அவள் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேளுங்கள். முந்நூறு வருஷத்துக்கு முன் ஆண்ட வில்லியம் மன்னர் காலத்தில் அரசுக் கஜானாவுக்கு நாலு காசாளர்கள். அவர்களில் மூவர் கையெழுத்திட்ட ரசீதுகள் என் சுவரில் தொங்குகின்றன. நாலாமவர் ஜோசய்யா குவில்ட்டர் இருபத்திரண்டு வருஷமாக எனக்கு ஆட்டம் காட்டினார். போன மாதம் இங்கே ஏலத்தில் அகப்பட்டார், மதினி. ஒரு விதவையம்மாளுக்குக் காலாண்டுப் பென்ஷன் கொடுத்த ரசீது, கீழே அவர் பெயர். ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால், மை உலர அன்று தூவிய மணல் இன்னும் எழுத்தில் ஒட்டிக்கொண்டு மின்னுகிறது! எத்தனை ராஜாக்கள் வந்து போயாச்சு, அந்த மணல் உதிரலை. மூச்சு பட்டால் பறந்துருமோன்னு வாயைப் பொத்திக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன்.

கணக்குத் தீர்ந்தால் தாளைக் குறுக்கே கத்தியால் வெட்டி ரத்து செய்வது கஜானா வழக்கம். அந்த வெட்டுதான் அதற்கு அழகு, அதுதான் சாட்சி. நான் அதை மாட்டக் கண்ணாடிச் சட்டம் வாங்கக் கடைக்குப் போய் வருவதற்குள், பெர்த்தா பின்பக்கமாக டேப் போட்டு அந்த வெட்டை ஒட்டி வைத்திருக்கிறாள்.

“பாவம், கிழிஞ்சு கிடந்துச்சு. ஒட்டிட்டேன்” என்றாள்.

“முந்நூறு வருஷம் உசிரோட இருந்ததை முக்கால் மணி நேரத்துல கொன்னுட்டியே.”

“கத்தாதீங்க எட்மண்ட். பின்னாடி யாரோ என்னமோ கிறுக்கியிருக்காங்க, அதையாவது பாத்தீங்களா?”

“முதுகுல என்ன இருந்தா எனக்கென்ன?”

“அப்ப அந்த நாலு பேரோடயே குடித்தனம் பண்ணுங்க” என்று தொப்பியை மாட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டாள்.

அன்றிலிருந்து அவித்த முட்டைதான் எனக்குச் சாப்பாடு. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த மணலைக் காட்டக்கூட வீட்டில் ஆளில்லை. ஆனாலும் தப்பு அவள் மேல்தான். வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும். இனி என் காகிதங்களைத் தொடமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். இதை நீங்களே அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் மூட்டுக்கும் தோட்டத்து ரோஜாவுக்கும் ஆண்டவன் துணை நிற்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
எட்மண்ட் விட்லாக்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் பழைய ஆவணக் கடை பார்ஜிட்டர் வந்தார். லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, “முன்னாடி இருக்கிறது குமாஸ்தா எழுதின பேருய்யா. மணலும் அவன் போட்டதுதான்” என்றார். பிறகு தாளைத் திருப்பினார். டேப்புக்கு அடியில், குவில்ட்டர் தன் கையால் போட்ட கையெழுத்து! “டேப்பை உரிச்சா மையும் கூடவே வந்துரும். ஒட்டின மகராசி ஒட்டினபடியே விட்டுருங்க” என்றார். இருபத்திரண்டு வருஷம் தேடியவரை முதலில் பார்த்தவள் பெர்த்தா; சொல்லவும் செய்தாள். ஆகையால் மேலே எழுதியதை அவளுக்கு வாசிக்க வேண்டாம், மதினி. இந்தக் கடிதத்தைக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டிவிடுங்கள். அவள் அதையும் ஒட்ட வந்தால் தடுக்காதீர்கள்.