வேலியை உள்ளே அரக்கிய மகான்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மனிதர் குடியேறிய நாள் தொட்டு வேலி ஒரே திசையில்தான் நகர்ந்திருக்கிறது: அடுத்தவன் காணிக்குள். ஆண்டுக்கு ஒரு சாண் அரக்கினவன் கெட்டிக்காரன். ஒரு முழம் அரக்கினவர் ஊர்ப் பெரியவர். இந்த மாபெரும் மரபை உடைத்துத் தன் வேலியைத் தன் காணிக்குள்ளேயே அரக்கி, இரண்டு பரப்பு நிலத்தை அயலவருக்கு விட்டுக்கொடுத்த முதல் மனிதர் என்ற பெருமை, வடஒளி மின்வலு நிறுவனத்தின் முகாமையாளர் கோபிசங்கரையே சாரும். பூமியைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

வினோஜா அந்த நிறுவனத்தின் 'காலநிலைக் கடப்பாட்டு அலுவலர்'. மிளகாய்த் தோட்டக்காரரின் மகள். பரம்பரையிலேயே முதல் பட்டதாரி. பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, நான்கு வருடம் அதற்குத் தூசி தட்டிய பிறகு கிடைத்த வேலை. கொடிகாமத்துக்குக் கிழக்கே டீசலில் ஓடும் மின்நிலையம் எவ்வளவு புகை விடுகிறது என்று அவள் ஆண்டறிக்கை எழுத வேண்டும். எழுதினாள். அங்கேதான் பிழை விட்டாள்: உள்ளதை எழுதிவிட்டாள்.

"பிள்ளை, இதென்ன நாற்பதாயிரம் தொன்?" கூட்டத்தில் முகாமையாளர் கேட்டார்.

"புகை, சேர்."

"ஆற்றை புகை?"

"எங்கடை புகைதான்."

"அவசரப்பட்டு உரிமை கோரக் கூடாது. இந்த வருசமே பூச்சியம் எண்டு தலைமையகம் உலகத்துக்கு வாக்குக் குடுத்திட்டுது. எங்கடை எல்லைக்குள்ளை வாற புகைதான் எங்கடை. சரி, புகை எதாலை வருது?"

"புகைபோக்கியாலை."

"அது எங்கை நிக்குது?"

"கிழக்கு வேலியோடை."

"வேலியோடைதானே!" என்றார் முகாமையாளர். அவர் முகத்தில் ஞானம் உதித்ததை அனைவரும் கண்டனர். ஒருவர் கைதட்டினார்.

கிழக்கு வேலிக்கு அப்பால் நாகேஸ்வரியின் கத்தரித் தோட்டம். அவர் நடுவது வெள்ளைக் கத்தரி, காய்ப்பது கரி. "சந்தையிலை காயைத் தொடுற சனம் முதலிலை கையைத் துடைக்குது" என்று எட்டு வருடத்தில் எட்டு முறைப்பாடு எழுதியிருந்தார். எட்டுக்கும் ஒரே பதில் போயிருந்தது: 'உங்கள் கரிசனை எங்கள் பசுமைப் பயணத்தின் ஓர் அங்கம்.' ஒன்பதாவது முறைப்பாட்டுக்கு முன்னர் நிறுவனம் அவருக்குப் புகைபோக்கியையே அன்பளிப்புச் செய்தது.

காணியை எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரத்தை வினோஜாவே எழுதினாள். நொத்தாரிசு முன்னிலையில் முகாமையாளர் அதை வாசிக்காமலே ஒப்பமிட்டார். தமிழ் என்பது சாரதியை ஏசுவதற்கான மொழி என்பது அவருடைய நெடுநாள் நம்பிக்கை. "பச்சை இலைப் படம் போட்டனீங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

"உந்த மனுசன் காணி தாறாரோ?" நாகேஸ்வரி வினோஜாவிடம் இரகசியமாக விசாரித்தார். "வீட்டிலை ஆரும் வைத்தியரிட்டைக் காட்டேல்லையோ?"

நல்லநேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, பட்டப்பகலில் வேலி அரக்கப்பட்டது. இயந்திரங்கள் உள்ளே, புகைபோக்கி வெளியே. இடையில் நாய் நுழையும் வேலிப் பொட்டு அளவில் ஓர் ஓட்டை, அதற்குள்ளால் குழாய். அன்று பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நிறுவனத்தின் உமிழ்வு பூச்சியம். எல்லோருக்கும் கேக் வெட்டினார்கள்.

அடுத்த வாரம் நாகேஸ்வரி நிறுவனம் அனுப்பிய ஒரு கடிதத்தோடு அலுவலகத்துக்கு வந்தார்.

"பிள்ளை, தென்மராட்சியிலேயே பெரிய மாசுக்காரி நான்தானாம். நாற்பதாயிரம் தொன் விடுறனாம். நான் ஒரு சுருட்டுக்கூடப் பத்தினதில்லை!"

"ஓம் அக்கா. உடனை குறைக்கவும் சொல்லியிருக்கு."

"எப்பிடிக் குறைக்கிறது?"

வினோஜா உறுதியின் மூன்றாம் பக்கத்தை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தாள். 'மேற்படி புகைபோக்கியைத் திறக்கவும் மூடவும் காணிக்காரருக்கு முழு உரிமையுண்டு.' நாகேஸ்வரி அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு வினோஜாவின் முகத்தை வாசித்தார்.

"கோயிலிலை சோறு காய்ச்சுற பெரிய கிடாரம் ஒண்டு சும்மா கிடக்குது" என்றார்.

இயந்திரங்களைக் கழுவ நிறுத்திய புதன்கிழமை, தேங்காய் பறிக்கும் இன்னாசித்தம்பி அன்னதானக் கிடாரத்தை முதுகில் கட்டிக்கொண்டு புகைபோக்கியில் ஏறினார். "ஏணியோடை முளைச்ச தென்னையை இண்டைக்குத்தான் காணுறன்" என்று மேலிருந்து கத்தியபடி கிடாரத்தைக் கவிழ்த்துக் கம்பியால் இறுக்கினார்.

மதியம் இயந்திரங்கள் ஓடின. புகை மேலே போய்ப் பார்த்தது. வழியில்லை. பொட்டுக்குள்ளால் சொந்த எல்லைக்குத் திரும்பியது. அலுவலகத்திலிருந்து ஓடிவந்தது முகாமையாளரா, கரி பிடித்த கத்தரிக்காயா என்று சற்றுநேரம் தெரியவில்லை.

"அக்கா, கிடாரத்தை இறக்குங்கோ!"

"ஏன் தம்பி? என்ரை புகையை நான் குறைக்கிறன். நீங்கள்தானே கடிதம் போட்டனீங்கள்."

"ஐயோ, அது உங்கடை புகை இல்லை!"

"அப்ப ஆற்றை?"

முகாமையாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினார்.

"எங்கடை புகை எண்டு ஒரு வரி எழுதி, ஒரு வடிகட்டியும் பூட்டித் தாங்கோ. இப்பவே இறக்கிறன்."

"கோயிலுக்குப் புதுக் கிடாரம் தாறன் அக்கா. இன்னும் ரெண்டு பரப்புத் தாறன். அந்த வரியை மட்டும் கேளாதேங்கோ. கொழும்பிலை எனக்கு விருது தரப் போயினம்!"

"அப்ப கிடாரம் அங்கை கிடக்கட்டும்."

கிடந்தது. புகை தாங்காமல் இயந்திரங்களை நிறுத்தினார்கள். கொடிகாமத்தில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. வழமைதானே என்று யாரும் கேட்கவில்லை. நான்காம் நாள் காலையில் நாகேஸ்வரி ஒரு கத்தரிக்காயைத் தடவிப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி தடவினார். வெள்ளைதான். கை துடைக்காமலே அதை வினோஜாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

வினோஜா காயை மேசையில் வைத்துக்கொண்டு ஆண்டறிக்கையைத் திருத்தி எழுதினாள், நல்ல தமிழில். முகாமையாளர் மூக்கில் கரியோடு கடைசிப் பக்கத்தைத் தேடினார்.

"பச்சை இலை போட்டனீங்களோ?"

"ஓம் சேர். பெரிசாப் போட்டனான்."

ஒப்பமிட்டார். தலைமையகத்துக்குப் போன அந்தப் பக்கத்தில் இப்படி இருந்தது:

'ஆண்டு முழுவதும் புகை விட்டது நாங்கள். நிலையம் தொடங்கிய நாள் முதல் உமிழ்வு உண்மையிலேயே பூச்சியமானது மூன்று நாட்கள். பயன்பட்ட தொழினுட்பம்: கோயில் கிடாரம், ஒன்று. சாதித்தவர்: நாகேஸ்வரி, கத்தரித் தோட்டம். கடைசிவரை எதிர்த்து நின்றவர்: வடஒளி மின்வலு நிறுவனம்.'