வில்லுக்குக் கிடைத்த தேக்கு

ஐம்பத்தாறாவது வயதில் வில்வீரர் ஆவது என்று தீர்மானித்தார் ஹெப்ரான். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க். யூடியூபில் ஒருவன் மெல்லிய மரச்சட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி வில் செய்தான். அதைப் பார்த்ததிலிருந்து அவருக்குக் கை ஊறியது. "இந்த வருஷம் விளையாட்டு விழாவை நான் செஞ்ச வில்லுதான் தொடங்கி வைக்கும்" என்று ஸ்டாஃப் ரூமில் சவடாலும் விட்டாயிற்று.

பிறகுதான் மரம் தேடினார். மூங்கில் பந்தல்காரனுக்கு என்று ஒதுக்கினார். முக்கூடல் வரை போய் வாங்கி வந்த புளி, வளைத்ததும் முறிந்தது. கணு இல்லாத, நன்றாகக் காய்ந்த, ஆறடித் தேக்கு வேண்டும். அது ஒரே இடத்தில்தான் இருந்தது. அவர் தினமும் படுக்கும் கட்டிலில்.

கட்டில், மனைவி பாக்கியவதி சீர்வரிசையாகக் கொண்டுவந்தது. அது கூடப் பரவாயில்லை. கல்யாணத்தன்றே "இது தேக்கில்ல, சாயம் பூசின வேம்பு" என்று சபையறியச் சொன்னவர் இவர். இருபத்தெட்டு வருஷமாக மாமனார் வீட்டை அந்த வேம்பாலேயே அடித்து வந்தார். தன் அப்பாவின் சாய்வு நாற்காலியை மட்டும் ஈட்டி மரம் என்று கொண்டாடுவார்.

"பாக்கியம், கட்டில்ல ஒரு பக்கச் சட்டம் எடுத்துக்கிடட்டுமா? பதிலுக்கு வேற போட்டுருதேன்."

"எடுத்துக்கிடுங்க அத்தான். ஆனா அது வேம்புல்லா? வில்லு முறிஞ்சிருமே."

ஹெப்ரான் குரலைத் தாழ்த்தினார். "வேம்பு இல்லட்டி. தேக்கு."

"என்னது? அடுப்படியில காது கேக்கல."

"தேக்கு! நல்ல நிலம்பூர்த் தேக்கு!"

வெளியே வந்த பாக்கியவதி வீடியோவைப் போட்டாள். "இந்தா, போனைப் பாத்துச் சொல்லுங்க."

சொன்னார். காரியம் ஆகணுமென்றால் மனுஷன் எதைத்தான் சொல்லமாட்டான்? இரண்டே நிமிஷத்தில் அது குடும்ப வாட்ஸப்பில் ஏறியது. மச்சினன்மார் மூன்று பேரும் கைதட்டினார்கள்.

மானத்தை விற்று வாங்கிய மரமாயிற்றே என்று ரம்பத்தோடு கிளம்பினார். படுக்கையறை வாசலில் பாக்கியவதி நின்றாள். கையில் போன் இன்னும் இருந்தது.

"தேக்கை விட ஈட்டி நூறு மடங்கு உசத்தின்னு சொல்லுவியல்லா? நாற்காலியில நீளமா ரெண்டு கை இருக்கு. மாமா மரத்துல செஞ்ச வில்லுன்னா உங்களுக்குத்தான பெருமை? அறுங்க, அதையும் எடுத்து அனுப்புதேன்."

ஈட்டி எங்கே இருக்கிறது? அது மாமரம். கறுப்புப் பாலிஷ் போட்டதே ஹெப்ரான்தான். அறுத்தால் சாயம் வெளுத்துவிடும், அதுவும் மச்சினன்மார் முன்னால்.

ரம்பத்தைப் பைய கீழே வைத்தார். "வில்லு என்னத்துக்குட்டி? விழாவுக்குக் கவணே போதும். ஆத்துல உருண்டைக் கல்லு எவ்வளவோ கிடக்கு."

"ஆத்துக்கா போறிய?" கட்டில் விரிப்பையும் இரண்டு போர்வைகளையும் உருவி அவர் தோளில் போட்டாள் பாக்கியவதி. "அப்போ இதுகளையும் அலசிட்டு வந்துருங்க."