கட் சொல்லாத டைரக்டர்

‘கட்’ என்ற சொல்லை உச்சரிக்காமலே ஒரு முழுப் படத்தை எடுக்கத் துணிந்த டைரக்டர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவரிடம்தான் நான் உதவி டைரக்டராகச் சேர வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது.

வடசென்னை விம்கோ நகர்க்காரர். யூனிட்டில் அவருக்குப் பெயர் ‘ஓடட்டும் சார்’. கேமராமேன் கை வலிக்கிறது என்பார். “ஓடட்டும்.” பாட்டரி தீரப்போகிறது என்று நான் பதறுவேன். “ஓடட்டும் நைனா.” ஒருவர் டீ குடிக்கும் காட்சி. குடித்தார், கிளாஸைக் கழுவினார், பீடி பற்ற வைத்தார், உட்கார்ந்தபடியே தூங்கியும் போனார். அந்தக் குறட்டை படத்தில் இருக்கிறது. இன்னொரு நாள் ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு போலீஸ்காரர் நேராக ஃபிரேமுக்குள் வந்து, “பர்மிஷன் கீதா?” என்று அதட்டினார். ஓடட்டும் சார் என் காதில், “இன்னா இயல்பு பாத்தியா!” என்று பூரித்தார்.

ஏன் சார் இப்படி என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

“கட் வரப்போவுதுன்னு தெரிஞ்சா, அதுக்குள்ள எல்லாத்தையும் காட்டிடணும்னு மனுசன் அவசரப்படுவான். அந்த அவசரத்துலதான் பொய் பூந்துடுது.”

படம், கடலுக்குப் போன புருஷன் திரும்பி வராத ஒரு பெண்ணைப் பற்றியது. கதாநாயகி, காசிமேட்டில் மீன் விற்கும் ஸ்டெல்லா அக்கா. அவர் புருஷன் நிஜமாகவே லாஞ்சு என்கிற விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். அக்கா முதலிலேயே கண்டிஷன் போட்டுவிட்டார்.

“தோ பாரு, எல்லாம் செய்றேன். அழ மட்டும் மாட்டேன். எங்காளு கடல்ல கீறப்போ நான் வூட்ல குந்திகினு அழுதா வெளங்குமா?”

“அழ வேணாம்க்கா” என்றார் ஓடட்டும் சார்.

தயாரிப்பாளர் ஓர் ஐஸ் பாக்டரி முதலாளி. அவருக்குத் தூக்கம் போயிற்று. “புருஷன் வரல, பொண்டாட்டி அழல. எவன்யா இந்தப் படத்தைப் பாப்பான்?” என்று என்னைப் பிடித்து உலுக்குவார். அவர் கையை விரித்தால் படம் அம்போ. எந்நேரமும் எனக்கு நெஞ்செரிச்சல்.

கடைசிக் காட்சியும் வந்தது. அக்கா சோறு போட்டு வைத்துவிட்டு வாசலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் நின்ற முதலாளி மெல்லக் குனிந்து, “அக்கா, உங்காளு போன லாஞ்சு கவுந்துடுச்சாம்” என்றார்.

அக்கா போட்ட அலறலில் தெருவே ஓடி வந்தது. அப்படி ஓர் அழுகையை நான் எந்தப் படத்திலும் கண்டதில்லை. முதலாளி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

“கட்!”

யார் சொன்னது என்று எல்லோரும் திரும்பினோம். ஓடட்டும் சார் முதலாளியின் சட்டையைப் பிடித்திருந்தார். “பொய்யின்னு சொல்லு! இப்பவே சொல்லு!”

“சும்மா சொன்னேம்மா... நடிப்பு நல்லா வரட்டும்னு...” முதலாளி குழறினார்.

அக்கா திட்டவில்லை. “அழ வெச்சிட்டீங்களேடா. அவுரு வர்ற வரைக்கும் இனிமே நான் இன்னா பண்ணுவேன்?” என்றார்.

ஓடட்டும் சார் அந்த ஷாட்டை அங்கேயே அழித்தார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். “தங்கமான ஷாட்டுய்யா!”

“அவங்க குடுக்கல. நாம புடுங்குனோம்.”

ஆழ்கடலுக்குப் போன் எட்டாது. அக்கா மீன்பிடித் துறைமுகத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஓடட்டும் சார், பின்னால் மொத்த யூனிட்டும். படம் நின்றாலும் நிற்கட்டும், அந்த மனுஷன் வந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. வராவிட்டால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? தூரத்தில் எது தெரிந்தாலும் ஓடட்டும் சார் எழுந்துவிடுவார்.

“அதுவாக்கா?”

“அது சரக்குக் கப்பலு. செத்த சும்மா இரு நைனா.”

மறுநாள் காலை அந்த லாஞ்சு வந்தேவிட்டது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். கேமராமேனின் கை தானாகக் கேமராவைத் தூக்கியது. ஓடட்டும் சார் உள்ளங்கையால் லென்ஸை மூடினார்.

“வேணாம். இது அவங்களுது.”

அன்று மத்தியானம் அக்காவே வந்து, “வா, அந்த சோத்து சீனை எடு” என்றார். சோறு போட்டார். வாசலைப் பார்த்தார். தட்டில் உட்கார வந்த ஈயை ஓட்டினார். ஓட்டிக்கொண்டே இருந்தார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு சின்ன தியேட்டரில் கொஞ்ச நாள்தான் படம் ஓடியது. அந்த இடம் வந்தபோது முதலில் மூக்கைச் சிந்தியது முதலாளிதான்.

இப்போதும் புருஷன் கரை சேர்ந்ததும் ஸ்டெல்லா அக்கா ஓடட்டும் சாருக்கு வஞ்சிரம் கொடுத்தனுப்புகிறார். அவருக்கோ மீன் வாடையே ஆகாது. மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு எடுத்து வருவார். நாங்கள் குழம்பு வைத்துச் சாப்பிடுவோம். ஆள் நல்லபடியாகத் திரும்பிவிட்டார் என்ற நிம்மதியில் ஓடட்டும் சார் எங்கள் எதிரே உட்கார்ந்து ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். அந்த முகத்தை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.