கறுப்புக் கோட்டும் ஒரு தூண்டிலும்

பிள்ளைகளே, ஒரு விடுகதை. நீதிமன்றத்தில் இது கிடைத்தால் வேலை தள்ளிப்போகும். பள்ளிக்கூடத்தில் இது முடிந்தால் சோதனை வந்து நிற்கும். இரண்டு இடத்திலும் பெயர் ஒன்றே. அது என்ன?

யோசித்துக்கொண்டே வாருங்கள். உதயரூபன் வீட்டுக்குப் போவோம்.

மனிதர் மட்டக்களப்பில் பதினான்கு வருடம் சட்டத்தரணி. வழக்கில் மட்டுமா, வீட்டுக் குழாய் ஒழுகினாலும், "அடுத்த தவணைக்குப் பார்ப்பம் புள்ள" என்பார். மனைவி விதுர்ஷா குழாயின் கீழே ஒரு நீல வாளியை வைத்தாள். ஒழுக்குக்கு இப்போது மூன்று வயது.

இந்த வருடம் கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஆசிரியரானார். பாடம், குடியுரிமைக் கல்வி. அவர் சொன்ன பகிடிக்கு வகுப்பே சிரித்தது. நீதிமன்றத்தில் ஒருவரும் சிரித்ததில்லை. மனிதர் இரண்டு கிலோ கூடிவிட்டார்.

"பிள்ளையோட நேரம் செலவழிக்கத்தான் இந்த வேலை" என்று வீட்டில் சொல்லியிருந்தார். எட்டு வயது மகள் கஜானியைத்தான் சொன்னார். சொல்லாத காரணம் குளியலறைக்குப் பின்னால் சாத்தியிருந்தது. புதுத் தூண்டில். விடுமுறை முழுவதும் வாவிக்கரையில், தனியே, பேச்சுமூச்சில்லாமல் இருக்க வேண்டும். பதினான்கு வருடம் பேசிக் களைத்த வாயின் ஒரே ஆசை அது.

விடுமுறையின் முதல் காலை மெல்லப் பின்பக்கம் போனார். தூண்டில் அங்கே இல்லை. விதுர்ஷாவின் கையில் இருந்தது.

"இது என்ன, சேர்?"

"அது... பிள்ளைக்கு மீன் பிடிக்கப் பழக்க."

"நல்லது. கதிரவெளிக் கடற்கரையில பிறந்தது நீங்களா, நானா?"

"நீதான்."

"கடல் தொழில் செய்தவர்ர மகள் ஆரு?"

"நீதான் புள்ள. ஆனா இப்படி வாயில விடையைத் தந்து கேள்வி கேக்கக் கூடாது. சட்டத்தில இடமில்ல."

"சட்டத்தைத்தான் கோட்டோட கழட்டிக் கொழுவிட்டீங்களே. பிள்ளைக்கு நான் பழக்கிறன். நீங்க குழாயைப் பாருங்க."

"குழாயா? அதுக்கு ஒரு தவணை தா..."

"தவணை நேற்றோட முடிஞ்சுது, வாத்தியார். இண்டைக்குச் சோதனை."

விடுகதைக்கு விடை தெரிந்துவிட்டதல்லவா? வழக்கைத் தள்ளிவைப்பதும் தவணை, பள்ளிப் பருவமும் தவணை. உதயரூபனுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

ஆனாலும் பழைய சட்டத்தரணி இலேசில் விடுவாரா? மேன்முறையீடு செய்தார்.

"கஜானி சொல்லட்டும். அவள்தான் நீதவான்!"

முந்தைய நாள்தான் மகளுக்கு இரண்டு ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்திருந்தார். தீர்ப்பில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"சொல்லுங்க மகள். வாவிக்கு ஆரோட போறீங்க? அப்பாவோடயா, அம்மாவோடயா?"

கஜானி தூண்டிலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மீன் போட ஒன்றும் இல்லையே என்று சுற்றிப் பார்த்தாள்.

குழாயின் கீழே இருந்த நீல வாளியை எடுத்துக்கொண்டு அம்மாவோடு போனாள்.