பாதிரி பாய்ந்த பக்கம்

இந்தக் கிறிஸ்மஸ் முடிவதற்குள் என் நாற்காலியை மீட்டே தீருவது என்று சபதம் எடுத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நான் வாய்விட்டுச் சொன்ன சபதம் எதுவும் சாயங்காலம் வரை உயிரோடு இருந்ததில்லை.

நாற்காலி, சமையலறையை ஒட்டிய சின்ன அறையில், விறகடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. கனடாவின் கடலோரத்தில், எங்கள் லூனன்பர்க் பக்கத்து மனிதனுக்குப் பனிக்காலத்தில் அதுதான் சொர்க்கம். காலுக்குச் சூடு, முதுகுக்குச் சாய்வு, ரேடியோவில் ஹாக்கி. அந்தச் சொர்க்கத்தில் மூன்று வருஷமாக என் மச்சான் எல்ராய் உட்கார்ந்திருக்கிறான். வாசற்படியில் ஒரு பலகை உடைந்துபோனது. தம்பி வந்தால் இரண்டே நாளில் சரிசெய்துவிடுவான் என்று என் மனைவி வெர்னா அவனை வரவழைத்தாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்த விருந்துக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. பலகை இன்னும் உடைந்தபடியேதான் இருக்கிறது. நாங்கள் எல்லாரும் அதைத் தாண்டிக் கால் வைக்கப் பழகிவிட்டோம்.

போகச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது? ஒரு தடவை கட்டிப் பார்த்தேன்.

"உன் தம்பிக்கு நாப்பது வயசு ஆகப்போகுது வெர்னா. அவனுக்குன்னு ஒரு வீடு வாசல் வேண்டாமா?"

"வாசல்தான் இங்க இருக்கே. அதைச் சரிபண்ணத்தானே வந்திருக்கான்."

"இன்னும் பண்ணலையே."

"பண்ணிட்டா போயிடுவானே. கூடப் பொறந்தவன் நாலு நாள் இருந்தா உங்களுக்கு ஏன் பொறுக்கல?"

உடைந்த பலகையைத் தாண்டிக் கால் வைத்துப் படகுத்துறைக்குப் போனேன்.

எல்ராய் கிளம்ப ஒரே வழி கல்யாணம்தான். பெண்ணுக்கும் பஞ்சமில்லை. ஊரில் பனி வாரும் வண்டி ஓட்டுகிற பியூலா மாஸ்மன் எல்லா வீட்டு வாசலையும் ஒரு தடவை வாருவாள், எங்கள் வாசலை மட்டும் மூன்று தடவை. வண்டிச் சத்தம் கேட்டால் எல்ராய்க்குக் காது சிவந்துவிடும். ஆனால் வாய் திறக்கமாட்டான். அவன் சகுனம் பார்க்கிற ஜென்மம். முட்டையை உடைத்தால் கரு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவான். கல்யாண விஷயத்தில் எங்கள் வீட்டுப் பூனை சொன்னால்தான் கேட்பான்.

பூனை எப்படிச் சொல்லும் என்றால், அது வெர்னாவின் தாய்வீட்டு வழக்கம். அவள் துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைப்பவள். இலை உதிரத் தொடங்கியதும் கூடத்தில் மரச்சட்டத்தை விரிப்பாள். கிறிஸ்மஸ் வரைக்கும் நாங்கள் சுவரோரமாக நண்டு மாதிரிதான் நடப்போம். போர்வை முடிந்து சட்டத்திலிருந்து இறங்கும் நாளில், கல்யாணமாகாத நாலு பேர் நாலு மூலையைப் பிடிக்கவேண்டும். நடுவில் பூனையைப் போட்டு உலுக்கவேண்டும். பூனை மிரண்டு யார் மேல் பாய்கிறதோ, அவருக்கு வருஷத்துக்குள் கல்யாணம்.

சிரிக்காதீர்கள். எனக்கே அப்படித்தான் நடந்தது. வெர்னாவின் அம்மா வீட்டுக்கு விறகு போடப் போனேன். ஒரு மூலைக்கு ஆள் குறைகிறது என்று பிடித்து நிறுத்தினார்கள். வெர்னா ஓடிவந்து என் கோட்டிலிருந்த பனியையெல்லாம் தட்டிவிட்டு எதிர்மூலையில் போய் நின்றாள். மற்ற இரண்டு மூலைகளிலும் என்னைவிட உயரமான, என்னைவிடத் தலைமுடி உள்ள வாலிபர்கள். பூனை அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக என் மார்பில் வந்து விழுந்தது. ஆறே மாதத்தில் கல்யாணம். வாயில்லாப் பிராணிக்கு ஆள் தரம் தெரியும் என்று இன்றைக்கும் படகுத்துறையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதைய பூனையின் பெயர் பாதிரி. கறுப்பு உடம்பு, கழுத்தில் வெள்ளைப் பட்டை. கல்யாணம் செய்துவைக்க வேண்டிய இந்தப் பாதிரி மூன்று கிறிஸ்மஸாக எல்ராயைக் கைவிட்டுவிட்டது. போன தடவை அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நானும் அலமாரிக்கு எப்போது கல்யாணம் என்று காத்திருந்ததுதான் மிச்சம்.

இந்த வருஷம் வெர்னா தைத்தது எப்போதையும்விடப் பெரிய போர்வை. வளையத்துக்குள் வளையம் கோத்த மாதிரி வேலைப்பாடு. துண்டுகளைத் தரையில் பரப்பி, ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். ஒரு நீலத்துக்காக மூன்று நாள் சாப்பாட்டை மறந்தாள். கடைசியில் அந்த நீலம் என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் இருப்பதைக் கண்டுபிடித்தாள். என் அபிப்பிராயமும் கேட்பாள். நான் நல்லாயிருக்கிறது என்று எதைக் காட்டுகிறேனோ அதை உடனே எடுத்துவிடுவாள்.

"இவ்வளவு அகலம் எதுக்கு வெர்னா? நம்ம கட்டில் சின்னது."

"நம்ம கட்டிலுக்குன்னு யாரு சொன்னா? நீங்க போய் ஏதாவது தின்னுங்க. மேல் தட்டுல இருக்கற கருவாட்டை மட்டும் தொட்டுடாதீங்க. அந்த வாசனைக்குப் பாதிரி பைத்தியமா ஆயிடறான்."

என் மூளையில் விளக்கு எரிந்தது அப்போதுதான். கருவாடு! எங்கள் ஊரில் ஹெர்ரிங் மீனைப் புகைபோட்டுக் காயவைப்பார்கள். அதில் ஒரு துண்டு எல்ராயின் கம்பளிச் சட்டைப் பையில் போனால் போதும். பாதிரி தன் கடமையைச் செய்வான்.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் மதியம் போர்வை இறங்கியது. மேல் தட்டு எட்டாதே, ஏணி வேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கருவாடு மேஜை மேலேயே இருந்தது. பை அளவுக்கு ஒரு சின்னத் துண்டு தனியாக வேறு கிடந்தது. அதிர்ஷ்டம் இன்றைக்கு நம் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எல்ராய் என் நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். வேலை சுலபமாக முடிந்தது. வெளியே வந்தால் வெர்னா. மூக்கை ஒரு சுளிப்புச் சுளித்தாள்.

"கையை நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க," என்றாள்.

ஒரு மூலையில் எல்ராய். எதிர்மூலையில் பியூலா. மற்ற இரண்டு மூலைகளில் எதிர்வீட்டு ஐசனவர் சகோதரிகள். நடுவில் பாதிரியை வைத்தார்கள். உலுக்குவதற்குக்கூட அவன் காத்திருக்கவில்லை. மூக்கைத் தூக்கினான். ஒரே தாவல். எல்ராயின் பைக்குள் தலையை விட்டுக் குடைந்த வேகத்தில் பை கிழிந்தது. கருவாடு தரையில் விழுந்தது. என் உயிரும் கூடவே விழுந்தது. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் வெர்னா போர்வையை எடுப்பதுபோல் குனிந்தாள். நிமிர்ந்தபோது தரையில் ஒன்றும் இல்லை. அவள் ஏப்ரன் பைதான் கொஞ்சம் புடைத்திருந்தது.

எல்ராய் வெளிறிப்போய் பியூலா முன்னால் நின்றான்.

"பியூலா, பூனை சொல்லிடுச்சு."

"மூணு வருஷமா வாசலை வாரி வாரி நானும் அதைத்தானே சொல்றேன்," என்றாள் பியூலா.

இந்தக் கொண்டாட்டத்தில் நான் நழுவினேன். நேராக என் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தேன். மூன்று வருஷம் கழித்துக் காலில் அந்தச் சூடு ஏறியது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"எந்திரிங்க," என்றாள் வெர்னா. "கல்யாணப் பொண்ணு நின்னுக்கிட்டிருக்கா."

எழுந்தேன். பியூலா உட்கார்ந்தாள். பனி வண்டியில் உட்கார்ந்து பழகிய உடம்பு, நாற்காலி நிறைந்துவிட்டது. எல்ராய் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டான். நான் விறகுப் பெட்டி மேல் உட்கார்ந்தேன். பிறகு இருவரும் பாதிரியாரைப் பார்க்க, நிஜப் பாதிரியாரைத்தான், கிளம்பிப் போனார்கள். வெர்னா போர்வையின் ஓரத்தைத் தைக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு விறகுப் பெட்டியே நிலைத்தது.

"எங்க குடித்தனம் வைக்கப் போறாங்களாம்?" என்றேன், ரொம்ப சாதாரணமாக.

"இங்கதான். இந்த ரூம்லதான். வீடு கட்டற வரைக்கும்."

"வீட்டை யாரு கட்டப் போறா?"

"எல்ராய்தான்."

எனக்கு வாசற்படிப் பலகை கண்முன்னால் வந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் அவன் வீட்டுக் கூரையைப் பார்க்க என் ஆயுசு போதாது.

"இதுக்கு நான் ஒத்துக்கமாட்டேன் வெர்னா."

"ஒத்துக்காதீங்க. அவன்கிட்ட கருவாட்டு விஷயத்தைச் சொல்லிடறேன். பொய்ச் சகுனம்னு கல்யாணத்தை நிறுத்திடுவான். அப்புறம் ஆயுசு பூரா தனிக்கட்டையா இங்கயே கிடப்பான்."

அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினேன். பிறகு அவள் மடியில் கிடந்த போர்வையைப் பார்த்தேன். கல்யாண மோதிரம் மாதிரி வளையம் வளையமாக, இரண்டு பேர் தாராளமாகப் படுக்கிற அகலத்தில்.

"அப்போ கருவாட்டை மேஜை மேல எடுத்து வெச்சது..."

"நான்தான். வெட்டியும் வெச்சேன். உங்களை விட்டா முழு மீனையும் திணிச்சிருப்பீங்க."

"அதை நீயே அவன் பைல போட்டிருக்கலாமே. என்னை எதுக்கு இழுத்தே?"

"அது எங்கம்மா வழில வந்த வழக்கமுங்க. அதுல நான் புரட்டுப் பண்ணலாமா? பாவம் இல்லையா?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஒரு தடவை பண்ணினேன். அது போதும்."

"ஒரு தடவையா? எப்ப?"

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அப்படியே பார்வை இறங்கி என் சட்டைப் பைக்கு வந்தது. விறகு போடப் போன நாள் ஞாபகம் வந்தது. அவள் ஓடிவந்து என் கோட்டிலிருந்து பனியைத் தட்டிய அழகும் ஞாபகம் வந்தது.

எனக்குக் கோபம்தான் வந்திருக்கவேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம்தான் வந்தது. அந்த இரண்டு வாலிபர்களும் நின்றிருக்க, என்னைப் பார்த்தல்லவா போட்டிருக்கிறாள்! நெஞ்சு நிமிர்ந்தது. விறகுப் பெட்டியே சிம்மாசனமாகிவிட்டது.

"அன்னிக்கு எனக்கும் கருவாடுதானா வெர்னா?" என்று குழைந்தேன். "நல்ல துண்டாப் பார்த்துத்தானே போட்டே?"

"உங்களுக்கெதுக்குக் கருவாடு?" என்றாள், ஊசியில் நூலைக் கோத்தபடியே. "முந்தின நாள் பூனை தின்னுட்டு மிச்சம் வெச்ச மீன் தலை."