‘எங்க இருந்தே’ சார் பிடித்த குற்றவாளி

எங்கள் ஆலையில் ‘எங்க இருந்தே’ சாரின் விசாரணைக்குத் தப்பியவர் ஒருவரும் கிடையாது. மேனேஜரின் காரை விசாரித்திருக்கிறார். கேன்டீனில் மாவு அரைக்கும் கிரைண்டரை விசாரித்திருக்கிறார். அவர் வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்தபோது, “அந்த நேரத்துல யார் யார் எங்க இருந்தீங்கோ?” என்று கூடத்தில் எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டாராம். அதன் பிறகு அவருடைய மாமியார், அவர் குடியிருந்த மாகறல் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார் என்று பேச்சு.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பள நாளில் மட்டும் அது எங்களுக்கு ஞாபகம் வரும். எண்பதுகளின் கடைசியில், உத்திரமேரூருக்கும் திருப்புலிவனத்துக்கும் நடுவில் இருந்த தவிட்டு எண்ணெய் ஆலையில் அவர் இன்ஸ்ட்ருமென்ட் சூப்பர்வைசர். நான் ஸ்டோர்ஸ் கிளார்க். அதனால் என்னை அவர் ‘ஸ்டோர்ஸு’ என்றுதான் கூப்பிடுவார். எந்த மெஷின் நின்றாலும் கையில் ஸ்க்ரூடிரைவரோடு வந்து, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவரைப் பார்த்து, “அப்போ நீ எங்க இருந்தே?” என்பார். திருடனைக்கூடப் போலீஸ் அப்படிப் பார்த்திருக்காது.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பூசணிக்காய் உடைத்து, மானிட்டருக்குக் குங்குமம் வைத்தோம். விஷயம் இவ்வளவுதான்: பிளான்ட்டுக்குள் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு கன்ட்ரோலர் பெட்டி இருக்கும். சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று அது பார்த்துக்கொள்ளும். அந்தக் கணக்கெல்லாம் ஒரு கேபிள் வழியாகக் கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டருக்கு வந்து திரையில் எண்களாகத் தெரியும். ஏதாவது எல்லை மீறினால் கம்ப்யூட்டர் ‘கீ’ என்று கத்தும். அதன் எதிரே ஏ.சி.யில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற பாக்கியம் ஆபரேட்டர் முனிரத்தினத்துக்குக் கிடைத்தது. தவிட்டுத் தூசியில் நின்றுகொண்டிருந்த மற்றவர்கள் அவனைக் கலெக்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

பொங்கல் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு வியாதி ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று திரையில் எண்கள் அசையாமல் நின்றுவிடும். பெட்டி உயிரோடு இருக்கும், கம்ப்யூட்டரும் உயிரோடு இருக்கும், இரண்டுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை மட்டும் நின்றுபோகும், சண்டை போட்ட சம்பந்திகள்போல. பிறகு தானாகவே சமாதானமாகிவிடும். ஒரு நாள் காலையில் வரும், ஒரு நாள் சாயங்காலம் வரும், சில நாள் வரவே வராது. மெட்ராஸிலிருந்து கம்பெனி ஆட்கள் வந்தார்கள். அவர்கள் இருந்தவரை கம்ப்யூட்டர் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைபோல ஒழுங்காக நடந்துகொண்டது. பாய் கடையில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, “நோ ப்ராப்ளம்” என்று சொல்லிப் போனார்கள். அவர்கள் பஸ் ஏறிய கையோடு எண்கள் நின்றன.

அப்படி நின்ற ஒரு நாளில்தான் வினை வந்தது. தவிட்டை ஆவியில் வாட்டுகிற பெரிய குக்கரில் சூடு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. திரையில் பழைய எண்ணே நின்றிருந்தது. அலாரமும் அடிக்கவில்லை. புகை நாற்றம் வந்து ஆட்கள் ஓடிப் போய்ப் பார்த்தால், உள்ளே தவிடு கரியாகிக் கிடந்தது. நெருப்பு அந்தப் பக்கம் பரவியிருந்தால் ஆலையே போயிருக்கும். மேனேஜர் நேராகக் கன்ட்ரோல் ரூமுக்கு வந்தார்.

“ஏ.சி. போட்டுக் கொடுத்தா தூங்குறியா?”

“தூங்கல சார். நம்பரு நல்லாத்தான் இருந்துச்சி.”

“நம்பர் நல்லா இருக்கும். நீ கண்ணைத் திறந்து பார்த்தாத்தானே தெரியும்?”

முனிரத்தினத்தை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அதைவிடப் பெரிய இடி திருப்புலிவனத்தில் விழுந்தது. அந்த ஊரில் அவனுக்குப் பெண் நிச்சயம் ஆகியிருந்தது. ‘வேலையில தூங்குற மாப்பிள்ள’ என்ற செய்தி அவனுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. பெண்ணின் அப்பா பந்தல்காரரிடம், “கொஞ்சம் இருப்பா, பாத்துக்கினு சொல்றேன்” என்றுவிட்டார்.

நிறுத்தி வைத்த அன்று முனிரத்தினம் ஆலை கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். அழவில்லை. அழுகிற முகத்தைவிட மோசமான ஒரு முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். ‘எங்க இருந்தே’ சார் போய் அவனிடம் அவருடைய கேள்வியைக் கேட்டார்.

“சேர்ல சார். கண்ணத் தெறந்துக்கினுதான் இருந்தேன்.”

சார், “செரி, வூட்டுக்குப் போ” என்றார். அவர் ஒரு பதிலை மறு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து ஆலையில் யாருக்கும் நிம்மதி இல்லை. “ஸ்டோர்ஸு, ஒரு நேரத்துல ஒருத்தரத்தான் சந்தேகப்படணும். ரெண்டு பேர ஒண்ணா புட்ச்சா எவன் திருடன்னு தெரியாது” என்பது அவர் சித்தாந்தம். முதலில் வெல்டரின் வேலையை நிறுத்த வைத்தார். எண்கள் அப்போதும் நின்றன. வாட்ச்மேனின் டிரான்சிஸ்டரை வாங்கி என் ஸ்டோரில் பூட்டி வைத்தார். நின்றன. எலி கடித்திருக்குமோ என்று கேபிள் போகிற வழியெல்லாம் முழங்காலில் தவழ்ந்து போனார். எலி இருந்தது, ஆனால் அது கேபிளை மதிக்கவே இல்லை. கடைசியில் கேன்டீன் கிரைண்டர் மேல் கண் விழுந்தது. அதை நிறுத்தியதில் மூன்று ஷிப்டுக்கும் ரவை உப்புமாதான் நாஷ்டா என்றானது. வேலைநிறுத்தம் பற்றித் தொழிலாளர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

கிரைண்டரும் குற்றவாளி இல்லை என்று தெரிந்ததும், கேன்டீனுக்கு நேரில் போய் மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு கிரைண்டர் மேலும் கையை வைத்து, “உம்மேல ஒண்ணும் இல்லப்பா” என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. வெல்டரிடமும் வாட்ச்மேனிடமும் அதே மாதிரி போய்ச் சொன்னார். எலிக்கும் சொன்னதாகக் கேன்டீன் மாஸ்டர் சாதிப்பார். அதை நான் பார்க்கவில்லை.

அடுத்து ஒரு ஏற்பாடு செய்தார். நான் கன்ட்ரோல் ரூமில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். எண்கள் நின்ற நொடியில் ஜன்னல் வழியாக வாட்ச்மேனின் விசிலை ஊத வேண்டும். அவர் ஆலை முழுக்க நடந்துகொண்டே, விசில் சத்தம் கேட்கும்போது எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று பார்ப்பார். ஸ்டோர் கணக்கை விட்டுவிட்டு விசிலை வாயில் வைத்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து லாரி டிரைவர்கள் ரிவர்ஸ் எடுக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு மத்தியானம் எண்கள் நின்றன. ஊதினேன். சார் அப்போது பின்பக்கக் காம்பவுண்டு ஓரம் நின்றிருந்தார். ஆலைக்குள் ஒன்றும் மாறவில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ‘குபுக்’ என்று தண்ணீர் கொட்டுகிற சத்தம். அதற்கு அப்பால் இன்னொரு மோட்டார். அதற்கும் அப்பால் இன்னொன்று. சார் சுவர் மேல் ஏறிவிட்டார். நானும் ஓடிப் போய்ப் பார்த்தேன். கீழே கழனியில் ஒரு விவசாயி வரப்பை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

“யோவ், இப்போ நீ எங்க இருந்தே?”

அவர் மண்வெட்டியை நிறுத்தி நிமிர்ந்தார். “எங் கயனியிலதான் கீறேன். நீ யாருய்யா செவுத்து மேல?”

“இப்ப இன்னா பண்ணே?”

“மூணு பேஸு வந்துட்ச்சி, மோட்டார் போட்டேன். எல்லாருந்தான் போட்டாங்கோ. அதுக்கு இன்னா இப்போ?”

கழனிகளுக்கு மும்முனை மின்சாரம் முறைவைத்துத்தான் வரும். ஒரு வாரம் காலையில், ஒரு வாரம் மத்தியானம். அது வந்த உடனே அந்தப் பக்கத்துக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒரே மூச்சில் ஓடும். மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்ததால் மோட்டாருக்கு வேலை இல்லை. அதனால்தான் பொங்கல் வரை வியாதியும் இல்லை. சார் சுவரிலிருந்து குதித்தார். பேன்ட் கிழிந்ததையும் கவனிக்காமல், “மண்ணு வழியா வருதுய்யா” என்று கத்திக்கொண்டே ஓடினார்.

அந்தக் கேபிளின் உள் கம்பிகளைச் சுற்றிச் சட்டை போட்ட மாதிரி ஒரு கம்பி வலை உண்டு. வெளித் தொந்தரவு உள்ளே வராமல் அது காக்கும். அந்த வலையை ஒரு முனையில் மட்டும் பூமியோடு இணைக்க வேண்டும். இரண்டு முனையையும் இணைத்தால், மோட்டார்கள் ஓடும்போது மண்ணில் கசிந்து அலைகிற மின்சாரம் ஒரு முனையில் ஏறி மறு முனையில் இறங்கும். காவல்காரனே கதவைத் திறந்துவிட்ட கதைதான். சார் பிளான்ட் பக்கத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தார். இணைத்திருந்தது. கன்ட்ரோல் ரூம் பக்கத்துப் பெட்டியைத் திறந்தார். அங்கேயும் இணைத்திருந்தது. ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டார். மோட்டார்கள் ஓடிக்கொண்டே இருந்தன. திரையில் எண்கள் அசைய ஆரம்பித்தன. அந்த வாரம் முழுக்க எனக்கு விசில் ஊதும் வேலை வரவில்லை.

“கம்பெனிக்காரங்க பண்ணின வேலையா சார்?” என்று கேட்டேன்.

அவர் கழற்றிய முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் போன போக்கு எனக்குப் பிடிபடவில்லை. “அவுங்க ஒரு பக்கந்தான் கட்டினாங்கோ. இன்னொரு பக்கம் சும்மா தொங்குதேன்னு... பத்திரமா இருக்கட்டும்னு நாந்தான் கட்னேன்” என்றார்.

அங்கே இருந்தது நாங்கள் இருவர்தான். கம்பெனி மேல் பழியைப் போட்டிருந்தால் கேட்க ஆள் இல்லை. சந்தேகத்துக்குச் சம்பளம் வாங்கிய மனிதர் மேல் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. அவர் என்னையும் இழுத்துக்கொண்டு மேனேஜர் ரூமுக்குப் போனார்.

“குத்தவாளி கெட்ச்சிட்டான் சார்.”

“யார்?”

“நாந்தான். எல்லாரையும் கேட்டேன் சார். நான் எங்க இருந்தேன்னு யாரும் கேக்கல. நானும் கேட்டுக்கல. முனிரத்தினம் தூங்கல.”

மேனேஜர் கத்திய கத்தலில் எடைமேடை லாரிகள் எல்லாம் நகர்ந்துகொண்டன. சாருக்கு அந்த வருடம் வருவதாக இருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. முனிரத்தினம் மறுநாளே வேலைக்குத் திரும்பினான்.

அதோடு விடவில்லை. ஷிப்டு முடிந்ததும் என்னைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு திருப்புலிவனத்தில் பெண் வீட்டுக்கே போனார். பெண்ணின் அப்பா எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, விசாரணையில் சாருக்குக் கொஞ்சமும் குறையாத குரலில் கேட்டார்.

“மாப்ள தூங்கலன்றீங்கோ. செரி. அப்ப நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்கோ?”

“தப்பு பண்ணிக்கினு இருந்தேங்க.”

அவர் சாரை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே திரும்பி, “பந்தல்காரனுக்குச் சொல்லி அனுப்பு” என்றார்.

திரும்பும்போது காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறினோம். அவர் மாகறலில் இறங்க வேண்டும், நான் ஓரிக்கையில். சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டேன்.

“இருந்திருக்கலாம். ஆனா அந்தப் பையன் எங்க போனாலும், ‘தூங்கிட்டிருப்பானோ’ன்னு ஒரு பேச்சு அவன் பின்னாலேயே வந்துக்கினு இருக்குமே, ஸ்டோர்ஸு” என்றார்.

அந்த பஸ்ஸில் தினமும் ஜன்னலோரச் சீட்டுக்காகக் கர்ப்பிணிகளைத் தவிர எல்லாரோடும் சண்டை போடுகிறவன் நான். அன்றைக்கு எழுந்து, “இங்க வாங்க சார், காத்து நல்லா வரும்” என்று சொல்லி நகர்ந்து உட்கார்ந்தேன்.